அட்டைப்பட முதுகு

என் முகத்தைத் தெருமுனைக் கடைக்காரர்கூட ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. என் முதுகை மட்டும் நாட்டுக்கே தெரியும். சிவப்புச் சால்வை, அகல விளிம்புத் தொப்பி, காற்றில் லேசாகப் பறக்கிற முடி, எதிரே ஒரு மலையோ கடலோ பாலைவனமோ. மாதா மாதம் ஒரு சுற்றுலாப் பத்திரிகையின் அட்டையில் உலகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற பெண் நான்தான். அந்த இடங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைப் புளுகுணி என்று சொல்லக் கூடாது.

என் கணவர் அந்தப் பத்திரிகையில் பக்க வடிவமைப்பாளர். ஒரு மாதம் அட்டைக்கு வர வேண்டிய மாடல் பெண் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். அச்சகத்தில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இவர் அரக்கப்பரக்க வீட்டுக்கு வந்து, மொட்டை மாடிக் கொடியில் பச்சைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"முகமெல்லாம் வேண்டாம். சும்மா அந்தப் பக்கம் திரும்பி நில்லு. அஞ்சு நிமிஷ வேலை."

முடி பறக்க வேண்டும் என்பதற்காக என் மாமியார் மேசை விசிறியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "கை கடுக்குதுடா, சீக்கிரம் எடு" என்று அவர் முனகியது படத்தில் விழவில்லை. மேலே சால்வை, இடுப்புக்குக் கீழே தெரியாது என்பதால் நான் நைட்டியைக்கூட மாற்றவில்லை. இவர் கம்ப்யூட்டரில் பச்சையை அழித்துவிட்டு மலையை ஒட்டினார். அந்த மாதம் நான் ஒரு பனிமலையின் உச்சியில் நின்றேன்.

இதழ் கடைகளில் நிற்காமல் விற்றுத் தீர்ந்தது. பத்திரிகையின் விளம்பரப் பிரிவுத் தலைவர் உடனே என் முதுகைப் பற்றி ஒரு கொள்கை வகுத்துவிட்டார். அவருக்கு ஆபீசில் சொர்க்கம் சார் என்று பெயர். எந்த ஊரைச் சொன்னாலும், அது குப்பைமேடாகவே இருந்தாலும், "சொர்க்கம் சார், சொர்க்கம்!" என்பார். அவருடைய கொள்கை இதுதான். "அட்டையில முகம் இருந்தா அது வேற யாரோ. முதுகா இருந்தா, அது வாங்கறவங்களே. அவங்களே அங்க நிக்கிற மாதிரி இருக்கும். இனிமே முகமே கூடாது." அதோடு என் முகத்தின் கதை முடிந்தது.

பத்திரிகைத் தொழிலை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இவர் புலம்பப் புலம்பக் கற்றுக்கொண்டேன். பயணக் கட்டுரை என்றால் விடியற்காலையில்தான் தொடங்க வேண்டும், முதல் வரியிலேயே மூடுபனி விலக வேண்டும். மத்தியானம் வெயிலில் வியர்க்க விறுவிறுக்கப் போய் இறங்கினவர்கூட எழுதும்போது மூடுபனியில்தான் இறங்குவார். உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டாயம் வந்து, வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஆறு இருந்தால் படகுக்காரர், ஆறு இல்லாவிட்டால் ஆடு மேய்ப்பவர். அந்த வாக்கியத்தை ஆபீசில் உட்கார்ந்து எழுதுவது உதவி ஆசிரியர். விளம்பரம் கொடுத்த ஹோட்டல் 'மனத்தை வருடும்'. கொடுக்காத ஹோட்டல் 'அருகில் உள்ளது'. யார் காலும் படாத கன்னி நிலம் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே பஸ் நேரம் போடுவார்கள். கடைசியில் எல்லோரும் 'மனமில்லாமல் திரும்பினோம்'. ஒருவராவது 'அப்பாடா என்று வீடு வந்து சேர்ந்தோம்' என்று எழுத மாட்டார்களா என்று நானும் பார்க்கிறேன்.

இவருக்கு முக்கியமான வேலை படங்களிலிருந்து மின்கம்பிகளை அழிப்பது. கம்பி, குப்பைத்தொட்டி, காயப்போட்ட துணி, செல்போன் கோபுரம், தொப்பையோடு குறுக்கே வந்த சுற்றுலாப் பயணி எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி அழிப்பார். அந்தப் பத்திரிகையில் எந்த ஊருக்கும் மின்சாரம் கிடையாது. ஆனால் எல்லா ஹோட்டலிலும் ஏசி உண்டு.

ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர். வண்டி ஏறினால் அவருக்குக் குமட்டும். வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே வருவார். 'என் பாதச் சுவடுகள்' என்று மாதா மாதம் நாலு கண்டங்களைப் பற்றி எழுதுவது அவர்தான்.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். அங்கே காத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்திரிகையைத்தான் போட்டு வைத்திருப்போம். பல்வலிக்காரர்களுக்குத்தான் வேறு எங்காவது போய்விட வேண்டும் என்ற ஆசை அதிகம். ஒருநாள் கன்னம் வீங்கி வந்த ஓர் அம்மா அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் நான் ஒரு ஏரிக்கரையில் இருந்தேன்.

"கொடுத்து வெச்சவ" என்று என்னிடமே காட்டினார். "புருஷன் நல்லா ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறான் பாரு. நமக்கும்தான் ஒண்ணு வாய்ச்சிருக்கே."

"ஆமாங்க" என்றேன். "வலது பக்கப் பல்லா, இடது பக்கமா?"

எனக்கு ஆத்திரம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அன்றைக்கு இரவு இவர் தட்டில் சோற்றை வைத்த வேகத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு மலையை நேரில் பார்க்க வேண்டும். பெரிய மலைகூட வேண்டாம், சுமாரான மலை போதும். "இந்த இதழ் முடியட்டும், போகலாம்" என்பார். மாதப் பத்திரிகைக்காரனுக்கு இதழ் முடிவதே கிடையாது. ஒன்று அச்சுக்குப் போகும்போதே அடுத்தது வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். நான் மொட்டை மாடியில் பச்சை விரிப்பைப் பார்த்தபடியே நின்றேன். அதில் ஓர் ஓரத்தில் இருந்த காப்பிக்கறை மட்டும் எனக்கு மனப்பாடம். வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

அப்படியிருக்கையில்தான் மலைமேல் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டியவர் பத்திரிகையைத் தேடி வந்தார். ஒரு வருடத்துக்கு எல்லா இதழிலும் விளம்பரம் தருகிறேன் என்றார். திறப்பு விழாவில் அட்டையை வெளியிட வேண்டும், அந்தச் சிவப்புச் சால்வைப் பெண் நேரில் வந்து மேடையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சொர்க்கம் சார் வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டு வந்தார்.

இவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நிஜ மலையா?"

"நிஜ மலைதான்."

"நான் அதைப் பாத்துட்டு நிக்கணுமா?"

"முதுகைக் காட்டி நிக்கறதுதானே உன் வேலை? அப்போ முகம் மலையைப் பாத்துதான் இருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாள் பச்சைத் துணியைப் பார்த்ததற்கு இது கூலி என்று நினைத்துக்கொண்டேன். பல் மருத்துவரிடம் விடுப்புக் கேட்டேன். மாமியார்கூட, "போயிட்டு வா. அங்கேயாவது நிஜக் காத்து வீசட்டும், என் கைக்கு ஓய்வு" என்று வழியனுப்பினார்.

ஆபீஸ் வேனில் போனோம். ஆசிரியர் மாத்திரை போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி வழி முழுக்க உட்கார்ந்திருந்தார். பிற்பாடு அந்த வழியைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தேன். 'வளைவுக்கு வளைவு விழிகள் விருந்துண்டன' என்றிருந்தது. சொர்க்கம் சார் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி எனக்குப் பாடம் எடுத்தார்.

"இங்க பாரும்மா, மேடையில ஏறினதும் அசையக் கூடாது. என்ன நடந்தாலும் திரும்பக் கூடாது. நீ திரும்பிட்டேன்னா அந்த மாயமே போச்சு. அவர் விளம்பரத்தைத் தூக்கிடுவார். விளம்பரம் போச்சுன்னா..." என்று இவரைப் பார்த்தார். "உன் நாற்காலியும் போச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

இவர் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. "நான் எதுக்குத் திரும்பறேன்?" என்றேன். "மலையைப் பாக்கத்தானே வந்திருக்கேன்."

போய்ச் சேரும்போது மலையெங்கும் மேகம் இறங்கியிருந்தது. எதிரே வந்த ஆளே தெரியவில்லை, மலை எங்கே தெரியும்? காட்சி தெரியும் அறைகளெல்லாம் விளம்பரதாரர்களுக்காம். எங்களுக்குக் கிடைத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். "காலையில பாத்துக்கலாம்" என்றார் இவர். அதையும் நம்பினேன்.

காலையில் எழுப்பி, சால்வை போர்த்தி, தொப்பி மாட்டி, பின்பக்க வழியாக, சமையல்கட்டு தாண்டி, என்னை நேரே மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஏறிப் பார்த்தால் எனக்கு எதிரே இருந்தது மலை இல்லை. சுவர் அகலத்துக்கு ஒரு பிளெக்ஸ் பேனர். அதில் ஒரு மலை.

"என்னங்க இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

இவர் சால்வை மடிப்பைச் சரிசெய்தபடியே குசுகுசுத்தார். "கண்ணாடி ஜன்னல் அந்தக் கடைசியில இருக்கு. அது முன்னால மேடை போட்டா வெளிச்சம் எதிர்ல அடிக்கும். போட்டோவில எல்லாரும் கருப்பா விழுவாங்க. அதான் இந்தப் பக்கம் போட்டோம்."

"சரி, இது இந்த மலைதானா?"

அவர் என் தொப்பியை நேராக்கினார். எனக்கே தெரிந்துவிட்டது. பேனரில் இருந்தது வேறு ஏதோ நாட்டு மலை. நான் முன்பே ஒருமுறை அதன் முன்னால் நின்றிருக்கிறேன். இந்த ஊர் மலைக்குக் குறுக்கே ஒரு கோபுரமும் நாலைந்து கம்பிகளும் இருப்பதாலும், அழிக்க நேரமில்லாததாலும், 'அட்டைக்கு ஒத்துவராது' என்று கழித்துவிட்டார்களாம். மலை பார்க்க மலைக்கு வந்து, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலைப் படத்தைப் பார்த்து நிற்கிற கூத்து எனக்குத்தான் வாய்க்கும்.

ஆனாலும் நின்றேன். இவர் முகம் அப்படி இருந்தது.

கூட்டம் வந்து உட்காருகிற சத்தம் கேட்டது. பிளெக்ஸ் வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவு பக்கத்தில் மலையெல்லாம் தெரியாது. நீலப் புள்ளி, கருப்புப் புள்ளி, நடுவே ஒரு பூச்சி. ஆசிரியர் பேசினார். பயணம் மனிதனை எப்படி விசாலமாக்குகிறது என்று அவர் விளக்கும்போது அவர் குரலில் இன்னும் குமட்டல் இருந்தது. அடுத்து சொர்க்கம் சார். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஹோட்டல் முதலாளி எழுந்தார். "வெளியில மேகம் கலைஞ்சிடுச்சு. இப்போ திரையைத் திறக்கறோம். எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க" என்றார். திரை ஓடுகிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் உராய்ந்தன. பிறகு அந்த மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் "ஆ!" என்றது.

நானும் எத்தனையோ "ஆ!"க்களைக் கேட்டவள்தான். பல் மருத்துவரிடம் வேறென்ன கேட்கும்? ஆனால் இது வேறு. அத்தனை பேரும் தங்களை மறந்து வாயைத் திறந்த சத்தம். எனக்கு எதிரே நீலப் புள்ளி, கருப்புப் புள்ளி.

அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. நாற்காலி போனால் போகட்டும் என்று நினைத்தேன். அவர் வேலை போனால் நான் சம்பாதிக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து கஞ்சி குடிப்போம். இதற்கு மேல் ஒரு நிமிடம் பேனரைப் பார்த்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

திரும்பினேன்.

மண்டபம் முழுக்க முதுகுகள். கோட்டுப் போட்ட முதுகு, ஷிபான் முதுகு, வழுக்கைப் பின்மண்டை, கொண்டை. விளம்பரதாரர்கள், பத்திரிகைக்காரர்கள், சொர்க்கம் சார், ஆசிரியர், என் கணவர் எல்லோரும் ஜன்னலைப் பார்த்து நின்றார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தால் மாயம் போய்விடும் என்று அவ்வளவு பயமுறுத்தினார்களே, பார்க்க ஆளே இல்லை! நான் தொப்பியையும் சால்வையையும் கழற்றி மேடையிலிருந்த நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினேன். உள்ளே போட்டிருந்தது பல் மருத்துவமனைக்குப் போட்டுப்போகிற சாதா உடுப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னல்வரை நடந்தேன். ஒரு போட்டோகிராபர், "அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க, மலை மறைக்குது" என்றார். ஒதுங்கிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன்.

புல்வெளியின் கடைசியில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தேன்.

மலை இருந்தது. பக்கவாட்டில் கோபுரம் இருந்தது. கம்பிகள் குறுக்கே போயின, அதில் பறவைகள் உட்கார்ந்திருந்தன. கீழே ஹோட்டல் ஊழியர் குடியிருப்பில் துணி காய்ந்தது. அந்தத் துணிகளுக்கும் அந்தக் கம்பிகளுக்கும் பின்னால், யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காமல், அவ்வளவு பெரிதாக நின்றது மலை. எனக்கு அதை வர்ணிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் பார்க்காமலே வர்ணிக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருடம் இதைக் கேட்டது தப்பே இல்லை என்று பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இவர் வந்தார். நெற்றியில் வியர்வை.

"நாற்காலி போச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"எப்படி?"

அவர் பெஞ்சின் முனையில் உட்கார்ந்தார். "ஹோட்டல் ரிசப்ஷன் பொண்ணுக்குச் சால்வையைப் போத்தி ஏத்தி விட்டுட்டார் சொர்க்கம் சார். நம்மாளுங்க திரும்பி வந்து உக்காந்து கை தட்டினாங்க. அட்டையை வெளியிட்டாங்க. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை." அவர் குரலில் நிம்மதி இருந்தது. போன உயிர் திரும்பி வந்த நிம்மதி.

"உங்களுக்கு?" என்றேன்.

அவர் மலையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதான்னு கேட்டேன்."

"நான் மேடைகிட்ட போயி, 'கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கோம்மா'ன்னு மெதுவா சொன்னேன்" என்றார். "'சரி சார்'னு பதில் வந்துச்சு. அப்பத்தான்."

என் தோளின் வளைவையும் பின்கழுத்து மச்சத்தையும் மயிரிழை மயிரிழையாகக் கத்தரித்து ஒட்டினவர் இந்த மனிதர். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். 'பாத்ததும் தெரிஞ்சுது' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், அவர்கள் தொழிலே அதுதானே. எந்தப் புளுகுக்கும் கூசாத ஆபீசிலிருந்து வந்தவருக்கு என்னிடம்தானா உண்மை பேசத் தோன்ற வேண்டும்?

திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்குத் திட்ட வரவில்லை.

"வேன் எப்போ?" என்று கேட்டேன்.

"இப்பவே. நாளைக்கு இதழ் அச்சுக்குப் போகணும்ல. வா, பையை எடுத்துக்கலாம்."

"நீங்க போங்க. நான் ரெண்டு நாள் இருந்துட்டு பஸ்ல வரேன்."

"தனியாவா?"

"உங்க அட்டையில எல்லா ஊருக்கும் தனியாத்தானே போயிருக்கேன்? அப்போ வராத கவலை இப்போ எங்கேருந்து வந்துச்சு?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்பதுதான் வெளியே வந்தது.

"மலை பாத்துட்டிருக்கான்னு சொல்லுங்க."

பெஞ்சுக்குப் பின்னால் பாதையில் வந்து நின்ற வேனில் சொர்க்கம் சார் சொல்லி ஹாரன் அடித்தார்கள். இவர் போனார். கதவு சாத்துகிற சத்தம், எஞ்சின் உறுமல், ஆசிரியர் பிளாஸ்டிக் பையைத் தேடுகிற சரசரப்பு எல்லாம் கேட்டன. அப்புறம் ஜன்னலைத் திறந்து இவர் என்னைக் கூப்பிட்டார், இரண்டு தரம். அட்டைக்காகக் கூப்பிடுகிற குரல் இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பார்க்க வேண்டியது எனக்கு எதிரே நிறைய இருந்தது. நான் திரும்பவில்லை.